குனிந்து பார்க்கும் தொழில்



நம் மேடைகளில் இலக்கியம் பேசுவார்கள், சமயம் பேசுவார்கள், அரசியல் பேசுவார்கள். இன்று நான் பேசப்போவது இரும்பைப் பற்றி. மண்வாரிக்கும் புல்டோசருக்கும் அடியில், சேற்றோடு சேறாகச் சுற்றுகிறதே செயின், அதைப் பற்றி. அந்தச் செயினைத் தாங்கும் ரோலர், வழிநடத்தும் ஐட்லர், இழுக்கும் ஸ்ப்ராக்கெட், இவற்றைப் பற்றி. எப்படிச் சோதிப்பது? எப்போது கழற்றுவது? எதை மாற்றுவது, எதை மாற்றாமல் ஓட்டுவது? இதுதான் இன்றைய தலைப்பு.

இதற்கு ஏன் ஒரு மண்டபம் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. செயினில் ஓடும் இயந்திரத்தின் பராமரிப்புச் செலவில் பாதி வரை அடிப்பாகத்துக்கே போகும் என்று தயாரிப்பு நிறுவனங்களே சொல்கின்றன. பாதி! எஞ்சினுக்கு நூறு பேர் காது கொடுக்கிறார்கள். ஹைட்ராலிக் குழாயில் ஒரு சொட்டு ஒழுகினால் ஊரே ஓடி வருகிறது. அடிப்பாகத்தை யார் பார்க்கிறார்கள்? குனிந்தால்தான் அது தெரியும். குனிய நமக்கு மனம் வருவதில்லை. நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: பார், அள, எழுது. அந்த எழுத்து மெஷினையும் காப்பாற்றும், மெஷினைப் பார்க்கிற மனிதனையும் மேலே கொண்டுவரும்.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1896-இல் இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், டான் சே யான் என்பவர் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். மலாயாவில் வணிக நோக்கோடு போடப்பட்ட முதல் ரப்பர் தோட்டம் அது. அடுத்து புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார்கள். காடு வெட்டியது யார்? வடிகால் தோண்டியது யார்? மேட்டில் படி வெட்டி, பள்ளத்தில் பாதை போட்டது யார்? மண்வெட்டியும் கோடரியும் பிடித்த கைகள். அந்தக் கைகளில் நம் முன்னோர் கைகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

1904. கடலுக்கு அப்பால் கலிபோர்னியாவில், ஸ்டாக்டன் என்ற ஊரில், பெஞ்சமின் ஹோல்ட் என்பவருக்கு ஒரு தலைவலி. அங்கே ஆற்று முகத்துவாரத்து மண் பஞ்சு போன்ற மக்கு மண். நீராவி டிராக்டரின் சக்கரம் அதில் இறங்கினால் ஏறாது. சக்கரத்தை எவ்வளவு அகலமாக்கினாலும் புதையும். அவர் பின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மரக்கட்டைகள் பூட்டிய சங்கிலியைச் சுற்ற விட்டார். அந்த ஆண்டு நவம்பர் 24-இல் வெள்ளோட்டம். மெஷின் புதையவில்லை. 1925-இல் ஹோல்ட் நிறுவனமும் போட்டியாளரான பெஸ்ட் நிறுவனமும் இணைந்து கேட்டர்பில்லர் உருவானது.

அது எப்படி நம் பக்கம் வந்தது? 1910-இல் மலாக்காவில் ரப்பர் தோட்டங்களை நிர்வகிக்க ஒரு சிறிய நிறுவனம் தொடங்கினார்கள். அதன் பெயர் சைம் டார்பி. ஆமாம், இந்த ஊரில் பிறந்த நிறுவனம்தான். 1929-இல் அதே சைம் டார்பிக்குக் கேட்டர்பில்லர் இயந்திரங்களின் முகவர் உரிமை கிடைத்தது. தோட்டமும் செயின் மெஷினும் நம் மண்ணில் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக வளர்ந்தன. ஆகவே இந்தப் பேச்சை மலாக்காவில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

சரி, பழங்கதை போதும். இன்றைக்கு என்ன நடக்கிறது?

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு வயது இருபத்தைந்தைத் தொட்டால் மரம் உயர்ந்துவிடும், குலை வெட்டுவது சிரமம், விளைச்சலும் இறங்கும். அப்போது மறுநடவு. முன்பெல்லாம் பழைய மரத்தைச் சாய்த்துத் தீ வைப்பார்கள். புகை ஊரை மூடும். தீ வைக்காமல் மறுநடவு செய்யும் முறையைக் கோல்டன் ஹோப் என்ற தோட்ட நிறுவனம் வளர்த்தெடுத்தது. 1992-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 விருது அதற்குக் கிடைத்தது. தீ செய்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள்? மண்வாரி செய்கிறது. மரத்தைச் சாய்க்கிறது, அடிக்கட்டையைப் பெயர்க்கிறது, தண்டைத் துண்டு துண்டாகச் சீவிப் பரப்புகிறது. சீவல் தடிப்பாக இருந்தால் காண்டாமிருக வண்டு முட்டையிடும். மெல்லிசாகச் சீவினால் சீக்கிரம் மக்கும்.

நல்ல முறை. மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சீவல் மேலேயே அல்லவா மெஷின் நாள் முழுக்க நடக்கிறது! மட்டையும் நாரும் ரோலரில் சுற்றும். சுற்றிய நார் சீலுக்குள் புகும். சீல் கிழிந்தால் எண்ணெய் போகும். எண்ணெய் போனால் ரோலர் சிக்கும். சுற்றாமல் நிற்கிற ரோலரின் மேல் செயின் தேய்த்துக்கொண்டே ஓடும். ஒரு கைப்பிடி நாரில் தொடங்கி ஒரு ரோலரின் சாவில் முடிகிறது. இது ஒரு நாளில் நடப்பதில்லை. நடக்கும்போது பார்க்க யாரும் இல்லை, அதுதான் விஷயம்.

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் இரும்பைப் பற்றிச் சொல்ல முடியாது. மலாக்காவின் மண் ஒரே மண்ணா? இல்லை. மண்ணியல் ஆய்வாளர்கள் இந்த மாநிலத்தின் பெயரையே ஒரு மண் வகைக்கு வைத்திருக்கிறார்கள், மலாக்கா தொடர் என்று. செம்பூராங்கல் சரளை நிறைந்த மண் அது. 1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்த பிறகு எழுப்பிய கோட்டை இருக்கிறதே, அதற்கு அடுக்கியதும் அந்தச் செம்பூராங்கல்தான். பீரங்கிக்கு ஈடுகொடுக்க அடுக்கிய கல்லின் சரளையில்தான் நம் செயின் தினமும் உரசுகிறது. தேயாமல் என்ன செய்யும்?

லேடாங் மலையடிவாரத்துக்குப் போனால் கருங்கல் சிதைந்த மணல். கண்ணாடி போன்ற மணிகள். செயின் மூட்டில் இருக்கும் பின்னுக்குள் நுழைந்தால் அரம் வைத்து அராவிய மாதிரி அராவும். மெர்லிமாவ், சுங்கை ரம்பைப் பக்கம் கடலோரத் தாழ்நிலமோ களிமண். அது அராவாது, அப்பும். ஸ்ப்ராக்கெட் பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு செயினை இறுக்கும். மேட்டில் தேய்மானம், பள்ளத்தில் இறுக்கம். ஒரே குத்தகையாளரின் ஒரே மெஷின் இந்த வாரம் மேட்டில் நிற்கும், அடுத்த வாரம் பள்ளத்தில் நிற்கும். பராமரிப்பு மட்டும் இரண்டுக்கும் ஒன்றாக இருந்தால் எப்படி?

இப்போது மெஷினுக்குப் பக்கத்தில் போவோம். தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டு எடுப்பார்கள். பெயர் கூப்பிட்டு, ஆள் வந்திருக்கிறானா என்று பார்த்து, பிறகுதான் வேலை பிரிப்பார்கள். மெஷினுக்கும் அப்படி ஒரு பெரட்டு வேண்டும். சாவியைத் திருப்புவதற்கு முன்னால் ஒரு சுற்று. ஒவ்வொரு ரோலரையும் பார். ஐட்லரைப் பார். ஸ்ப்ராக்கெட்டைப் பார். செயினின் மிதிதகடான ஷூவின் போல்ட்டைப் பார்.

எதைப் பார்ப்பது? ரோலரின் ஓரத்தில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா? நேற்று தூசு படிந்திருந்த இடம் இன்று கறுப்பாகப் பளபளத்தால் சீல் போய்விட்டது. அந்தச் சீலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடி போல மெருகேற்றிய இரண்டு இரும்பு வளையங்கள் முகத்தோடு முகம் வைத்துச் சுற்றும். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அழுத்துவது ரப்பர் வளையம். அந்த மெருகில் ஒரு கீறல் போதும், எண்ணெய் வெளியே வரும், சேறு உள்ளே போகும். போல்ட் தலையைச் சுற்றித் துருப்பொடி தெரிகிறதா? போல்ட் தளர்ந்து ஷூ அசைகிறது என்று பொருள். வேலை முடிந்து நிறுத்தியதும் ரோலர்களின் சூட்டைப் பாருங்கள். எல்லாம் ஒரே சூடாக இருக்க ஒன்று மட்டும் கொதித்தால் அதற்குள் எண்ணெய் இல்லை. சூடு பார்க்கும் கருவி இப்போது சின்னக் கடையிலும் கிடைக்கிறது. கையை வைத்துச் சுட்டுக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது கழுவுவது. மாலையில் மெஷினை நிறுத்தும்போது சேற்றை எடுங்கள். மண்வாரிக்கு வழி சுலபம். பக்கெட்டை ஊன்றி ஒரு பக்கத்தைத் தூக்கி, செயினை முன்னும் பின்னும் சுற்றினால் பாதிச் சேறு தானே விழும். மீதியை மண்வெட்டியால் சுரண்டுங்கள். விடிய விடியக் காயவிட்ட களிமண் காலையில் செங்கல்லாக இருக்கும். அதோடு சாவியைத் திருப்பினால் முதல் அடியிலேயே செயினுக்கு அடி.

அடுத்தது தொய்வு. செயின் எவ்வளவு தொங்க வேண்டும்? பல ஓட்டுநர்களுக்குத் தொங்கும் செயினைக் கண்டால் பிடிக்காது. “லூசா இருக்குண்ணே, இழுத்து விடுங்க” என்பார்கள். இழுத்துவிட்டால் என்ன ஆகும்? பின்னும் அதைச் சுற்றியிருக்கும் குழலான புஷ்ஷும் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் அழுத்தத்தில் உரசும். ஸ்ப்ராக்கெட் பல் தேயும். ஐட்லர் தேயும். டீசலும் கூடுதலாகக் குடிக்கும். ரொம்பத் தளர்ந்தாலும் ஆபத்துதான். திரும்பும்போது செயின் கழன்று படுத்துவிடும். அளவு மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டைத் திறந்து பாருங்கள். இன்னொன்றையும் மறக்காதீர்கள். பார்ப்பதற்குக் கழுவ வேண்டும். தொய்வு வைப்பதோ வேலை செய்கிற நிலத்தில், சேறு அப்பிய நிலையில். களிமண் அப்பினால் செயின் தானே இறுகும். கழுவிய செயினில் சரியாக வைத்த அளவு, சேற்றில் இறங்கியதும் இறுக்கமாகிவிடும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். செயின் கிறீச்சிட்டால் மேலே கிரீஸ் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து பூசாதீர்கள். பின்னுக்குத் தேவையான கிரீஸோ எண்ணெயோ தொழிற்சாலையிலேயே உள்ளே அடைத்துச் சீல் வைத்து வருகிறது. வெளியே பூசும் கிரீஸ் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிரீஸும் மணலும் சேர்ந்தால் அது உரசுகிற பசை. நீங்களே காசு கொடுத்துச் செயினைத் தேய்க்கிறீர்கள்.

இப்போது அளப்பது. இதுதான் இந்தத் தொழிலின் உயிர். செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோம். இரும்பு நீளுமா? நீளவில்லை. ஒவ்வொரு மூட்டிலும் பின்னும் புஷ்ஷும் உள்ளுக்குள் தேய்ந்து இடைவெளி விழுந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டேப் வைத்தால் தெரியும்.

இருபது டன் வகை மண்வாரிகள் பலவற்றில் ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடு வரை 190 மி.மீ. ஒரு மூட்டை அளந்தால் பிழை வரும். ஆகவே நான்கை அளப்போம். புதுச் செயினில் நான்கு மூட்டுக்கு 760 மி.மீ. செயினை இழுவிசையில் நிறுத்தி, செயினின் இரு முனைகளைப் பூட்டும் மாஸ்டர் பின் இருக்கும் இடத்தைத் தவிர்த்துவிட்டு டேப் வைக்கிறீர்கள். 772 காட்டுகிறது. என்ன அர்த்தம்? மூட்டுக்கு 3 மி.மீ. போய்விட்டது. 3 மி.மீ. என்றால் அலட்சியமாக இருக்கும். ஒரு பக்கத்தில் 45 மூட்டு என்று வையுங்கள். 45-ஐ மூன்றால் பெருக்குங்கள். 135 மி.மீ.! நாலு விரலைத் தாண்டி அரைச் சாணுக்கு மேலே போகிறது. அந்த நீளத்தை விழுங்க ஐட்லர் அதில் பாதி, கிட்டத்தட்ட 67 மி.மீ., முன்னால் தள்ளி நிற்க வேண்டும். இப்போது ஸ்ப்ராக்கெட்டைப் பாருங்கள். அதன் பல் 190-க்கு வெட்டியது. செயின் வருவது 193-இல். பல் புஷ்ஷின் நடுவில் உட்காராமல் ஓரத்தில் ஏறும். ஏறி ஏறிப் பல் கூராகும்.

இங்கேதான் பலர் ஏமாறுவது. பல் கூராகிவிட்டதே என்று புது ஸ்ப்ராக்கெட் வாங்கிப் பழைய செயினில் போடுவார்கள். புதுப் பல்லும் அதே 190-க்குத்தானே வெட்டியிருக்கும்? பழைய செயின் புதுப் பல்லையும் தின்றுவிடும். தப்பு பல்லில் இருந்தால் பல்லை மாற்றலாம். தப்பு செயினில் இருக்கும்போது பல்லை மாற்றி என்ன பயன்? பழையதோடு புதியதைச் சேர்ப்பதற்கு முன் டேப்பைக் கேளுங்கள்.

அளந்தால் பணம் மிச்சமாகும் இடம் இன்னொன்று. புல்டோசர் செயினில் புஷ் ஒரு பக்கம்தான் அதிகம் தேயும். சரியான நேரத்தில் பட்டறையில் கொடுத்துப் பின்னையும் புஷ்ஷையும் பிரஸ்ஸில் கழற்றி, அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டால் தேயாத பக்கம் வேலைக்கு வரும். அதே செயின் இன்னொரு வாழ்வு வாழும். காலம் தவறினால் புஷ் ஓட்டை விழும், வெடிக்கும். பிறகு திருப்ப எதுவும் இருக்காது. முன் ரோலரும் பின் ரோலரும் ஒரே மாதிரி தேயாது. இடம் மாற்றினால் ஆயுள் கூடும். ஷூவின் வரம்பு மழுங்கினால் பட்டைக் கம்பி வைத்து வெல்டிங் செய்யலாம். எப்போது செய்வது என்பதைச் சொல்லப்போவது உங்கள் நோட்டில் இருக்கும் எண். வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஓட்டுகிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. மெக்கானிக் ஒரு மாதம் காப்பாற்றியதை ஓட்டுநர் ஒரு வாரத்தில் தொலைக்க முடியும். தேவையில்லாமல் ரிவர்ஸில் விரட்டாதீர்கள். ரிவர்ஸில் புஷ் பல்லின் மேல் பாரத்தோடு உருளும், தேய்மானம் அங்கேதான் கூடும். தூரம் நடத்திக் கொண்டுபோனால் ஐட்லர் முன்னால், ஸ்ப்ராக்கெட் பின்னால். எப்போதும் ஒரே பக்கம் திரும்பாதீர்கள். நின்ற இடத்தில் சுழற்றாதீர்கள். அகலமான ஷூ சேற்றுக்கு நல்லது, சரளை மேட்டுக்குக் கெடுதல். அது வளையும், போல்ட்டைத் தளர்த்தும். புதையாமல் நிற்கிற அளவுக்கு அகலம் போதும்.

இனிச் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். இது உயிர் விஷயம். செயினைத் தளர்த்துவதற்கு ஐட்லருக்குப் பின்னால் ஒரு கிரீஸ் சிலிண்டர். அதன் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு மேல் திறக்கக் கூடாது. முகத்தை அதற்கு நேராக வைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் அழுத்தத்தில் வால்வே தோட்டாவாகப் பறக்கும். கிரீஸ் வரவில்லையா? இன்னும் திறக்காதீர்கள். மெஷினைச் சற்று முன்னும் பின்னும் அசையுங்கள், வரும்.

அந்த அழுத்தத்தில் பீறிடும் கிரீஸ் விரலில் பட்டால் ஊசிக்குத்து மாதிரிதான் தெரியும். வலிகூட இருக்காது. துடைத்துவிட்டு வேலை பார்ப்பார்கள். கிரீஸ் தோலுக்குள் போயிருந்தால் சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுகத் தொடங்கும், விரலே போகும். உடனே மருத்துவமனைக்குப் போய், அழுத்தக் கிரீஸ் ஏறிவிட்டது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பின்னைச் சம்மட்டியால் அடிக்கும்போது கண்ணாடி போடுங்கள். கடினமான இரும்பில் கடினமான இரும்பு மோதினால் சில்லு தெறிக்கும், நேரே கண்ணைத்தான் தேடும். தூக்கிய மெஷினுக்கு அடியில் கட்டை கொடுக்காமல் கை நீட்டாதீர்கள். உள்ளே சுருட்டி வைத்திருக்கும் பெரிய ஸ்பிரிங்கை அதற்குரிய கருவி இல்லாமல் பிரிக்கவே பிரிக்காதீர்கள்.

“முதலாளி அவசரப்படுத்துகிறாரே” என்பீர்கள். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, சொன்ன பிறகும் முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகி நிற்கும் உரிமையை அந்தச் சட்டம் தருகிறது. உங்கள் பெயரில் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவுக்குச் சந்தா கட்டப்படுகிறதா என்பதையும் கேட்டு வையுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

கடைசியாக, எழுதுவது. இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? நம் பெரியவர்கள் உழைத்தார்கள். அவர்கள் உழைப்புக்கு இருந்த எழுத்து என்ன? தோட்டக் கணக்கரான கிராணியின் வருகைப் பதிவேட்டில், செக்ரோலில், ஒரு பேர்ப்பட்டியல். எத்தனை நாள் வந்தான் என்று இருக்கும், என்ன தெரியும் அவனுக்கு என்று இருக்காது. இன்றைக்கும் நம்மில் எத்தனை பேர்! செயின் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த ரோலர் போயிற்று என்று சொல்லக்கூடியவர்கள். கையில் ஒரு காகிதம் கிடையாது. சம்பளம் பேச உட்காரும்போது அனுபவம் வாயில் இருக்கிறது, மேசையில் இல்லை.

மேசையில் வைக்க வழி இருக்கிறது. மலேசியத் திறன் சான்றிதழைப் பெற எல்லாரும் வகுப்பில் உட்கார வேண்டும் என்பதில்லை. திறன் மேம்பாட்டுத் துறை, அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முறையையும் வைத்திருக்கிறது. மலாயில் அதை பி.பி.டி. என்பார்கள். அதற்கு என்ன கேட்கிறார்கள்? செய்த வேலைக்கு ஆதாரம். படம், குறிப்பு, அளவு, தேதி. செயின் அளந்த நோட்டு அந்த ஆதாரங்களில் ஒன்றாக நிற்கும். அதைத் தமிழில் எழுதினாலும் எழுதத் தொடங்குங்கள், மலாயில் மாற்றி எழுதுவது பிறகு ஒரு வார வேலை. எழுதாததை மாற்ற முடியாது.

ஆகவே, நண்பர்களே, நாளைக்குக் காலையில் ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் மெஷினின் மாடல், வரிசை எண், மணிக்கணக்கு. இரண்டாம் பக்கத்தில் இடது செயின், வலது செயின், நான்கு மூட்டு அளவு. பிறகு தொய்வு, ஒழுகும் ரோலர், தளர்ந்த போல்ட். அடியில் தேதி, அதற்கும் அடியில் உங்கள் கையெழுத்து. குத்தகையாளர்களே, அந்த நோட்டைக் கொண்டுவரும் பையனிடம் “இதெல்லாம் எதுக்குடா?” என்று கேட்காதீர்கள். உட்கார வைத்துப் படியுங்கள், படித்துவிட்டுச் சம்பளம் பேசுங்கள். தம்பிகளே, தங்கைகளே, வேலை தேடிப் போகிற இடத்தில் “எனக்கு மெஷின் தெரியும்” என்று சொல்லாதீர்கள். நோட்டைத் திறந்து வையுங்கள்.